ஃப்ளைவெயிட் போட்டும் ஹீப் குறையவில்லை என்றால்

ஜாவா கேமில் 10 லட்சம் மரங்களுக்கு ஃப்ளைவெயிட் (பொதுவான தரவை ஒரே பொருளில் வைத்துப் பலரும் பகிரும் வடிவமைப்பு) முறையில் மரவகையைப் பகிரும் ஃபேக்டரி வைத்தும் ஹீப் (பொருள்கள் இருக்கும் நினைவகம்) இறங்கவில்லை என்கிறீர்கள். ஃபேக்டரியின் ஹாஷ்மேப்பில் மரவகையைத் தேடப் பயன்படும் சாவி வகுப்பில் ஈக்வல்ஸ், ஹாஷ்கோட் (இரண்டு சாவிகள் ஒன்றுதானா என்று ஹாஷ்மேப் பார்க்கும் மெத்தடுகள்) இரண்டையும் எழுதுங்கள், கோளாறு பெரும்பாலும் அங்கேதான். தேடும்போதெல்லாம் புதுச் சாவி ஒன்றை நியூ போட்டு உருவாக்குகிறீர்கள், அந்த இரண்டு மெத்தடும் இல்லாவிட்டால் ஹாஷ்மேப்புக்கு அது வேறு சாவி, ஆகவே பழையதைக் கண்டுகொள்ளாமல் இன்னொரு மரவகை உருவாகி உள்ளே உட்கார்ந்துவிடும். ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் சாவியை ரெக்கார்டாக (அந்த இரண்டு மெத்தடும் தானாகவே கிடைக்கும் வகுப்பு) மாற்றினாலே போதும்.

சரிபார்க்க, மரங்களை உருவாக்கியதும் மேப்பின் சைஸை அச்சிடுங்கள். மூன்றே வகை என்றால் 3 வரவேண்டும். லட்சக்கணக்கில் வந்தால் கோளாறு சாவியில்தான், சந்தேகமே வேண்டாம். 3 வந்தும் இறங்கவில்லையா? டெக்ஸ்சரை (மரத்தின் மேற்பரப்புப் படம்) மரத்துக்குள்ளும் ஒரு ஃபீல்டாக விட்டுவைத்திருப்பீர்கள்.

அப்புறம், பகிரும் பொருளில் எக்ஸ், ஒய் மாதிரி மரத்துக்கு மரம் மாறுவது எதுவும் இருக்கக்கூடாது, ஃபீல்டெல்லாம் ஃபைனலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு மரத்தை நகர்த்தப்போய் அந்த வகை மொத்தமும் நகரும்.

ஹீப் பூஜ்ஜியமாகும் என்றும் எதிர்பார்க்காதீர்கள்: 64 பிட் ஹாட்ஸ்பாட்டின் (ஜாவாவை இயக்கும் மெய்நிகர் இயந்திரம்) வழக்கமான அமைப்பில் ஹெடர் (பொருளின் உள்தகவல்) 12 பைட், எக்ஸ், ஒய்க்கு இரண்டு இன்ட் 8, மரவகைக்கு ரெஃபரன்ஸ் 4 என மரத்துக்கு 24 பைட், ஆக சுமார் 24 எம்பி எப்படியும் நிற்கும்.