கேசட்டுக்கு யார் காசு கொடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

கேம் கன்சோலை ஒரு கம்பெனி செய்கிறது. அதில் ஓடும் கேம்களில் பெரும்பாலானவற்றை வேறு கம்பெனிகள் செய்கின்றன. இந்த இரண்டாம் வகையினருக்குத்தான் ‘தேர்ட் பார்ட்டி’ என்று பெயர். இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இவர்களைப் பற்றியவை. அவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டோம்.

கே: சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய ‘9999 இன் 1’ கேசட்டில் இருந்தவை எல்லாம் நின்டெண்டோ கேம்களா? (வாசகர், மதுரை)

ப: இல்லை. மாரியோ, டக் ஹன்ட், எக்சைட்பைக் மூன்றும் நின்டெண்டோவின் சொந்தச் சரக்கு. கான்ட்ரா, ரோடு ஃபைட்டர் இரண்டும் கொனாமி. பேட்டில் சிட்டி, கேலக்சியன் நாம்கோ. பாம்பர்மேன் ஹட்சன். நீங்கள் விடுமுறையெல்லாம் ஆடித் தீர்த்ததில் பாதிக்கு மேல் தேர்ட் பார்ட்டி கேம்கள்தான்.

நீங்கள் டிவியில் மாட்டிய பெட்டி, 1983 ஜூலையில் ஜப்பானில் வந்த ஃபேமிகாம் கன்சோலின் நகல். அசல் ஃபேமிகாமில், அனுமதியில்லாத கேசட்டைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. 60 முனைகள் கொண்ட பலகையைச் சரியாகச் செய்யத் தெரிந்தவர் யாரும் கேசட் போடலாம். 1984-ல் ஹட்சனும் நாம்கோவும் அனுமதி வாங்கி உள்ளே வந்தார்கள். அனுமதி வாங்காமல் வந்தவர்களின் கேசட்தான் நம் ஊர்க் கடைகளில் தொங்கியது. அந்த 9999-ல் உண்மையான கேம்கள் சில பத்துகள்தான். மீதியெல்லாம் அதே கேம், மூன்றாம் லெவலிலிருந்தோ கூடுதல் உயிரோடோ தொடங்கும். மெனுவில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் எண், தொடக்க மதிப்பை மட்டும் மாற்றிக் கொடுக்கும். அவ்வளவுதான் வித்தை.

கே: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய என்.இ.எஸ். கன்சோலில் சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. படம் வரவில்லை. பழுதா? (வாசகர், திருச்சி)

ப: பெரும்பாலும் பழுதில்லை, பூட்டு திறக்கவில்லை. 1983-ல் அமெரிக்க வீடியோ கேம் சந்தை சரிந்ததற்கு ஒரு காரணம், கண்டவரெல்லாம் கேசட் போட்டுக் குவித்தது. அதனால் 1985-ல் ஃபேமிகாமை என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனபோது நின்டெண்டோ ஒரு பூட்டோடு போனது. கன்சோலுக்குள் ஒரு சிறு சிப், கேசட்டுக்குள் அதற்கு ஜோடியாக இன்னொன்று. மின்சாரம் வந்ததும் இரண்டும் ஒன்றோடொன்று பேசும். பேச்சு ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் சிப், பிராசசரை நொடிக்கு ஒருமுறை ரீசெட் செய்துகொண்டே இருக்கும். அந்தச் சிமிட்டல் அதுதான்.

கேசட் அசலாக இருந்தும் இப்படி ஆனால் தொடுமுனைகள் அழுக்கு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த காது பஞ்சால் கேசட்டின் முனைகளை இருபுறமும் துடையுங்கள். பஞ்சு கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை மாற்றிமாற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள். எச்சில் ஈரம் பட்டால் முனைகள் அரிக்கும். ‘ஊதினால் ஓடும்’ என்று தோன்றியதற்குக் காரணம் ஊதியது அல்ல, எடுத்துத் திரும்பச் செருகியதுதான். அதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே இருக்கும் 72 முனை கனெக்டர் தளர்ந்திருக்கும். அதை மாற்றலாம். சில மெக்கானிக்குகள் கன்சோல் பலகையில் உள்ள பூட்டுச் சிப்பின் 4-ஆம் காலை வெட்டிவிடுவார்கள். அதன்பின் பூட்டு வேலை செய்யாது, சிமிட்டலும் நிற்கும். ஆனால் அழுக்கு முனை அழுக்காகவே இருந்தால் படம் குழம்பித்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை: அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

கே: அந்தப் பூட்டை வைத்துத் தேர்ட் பார்ட்டிகளை நின்டெண்டோ என்ன செய்தது? (அதே வாசகர்)

ப: சாவி ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன நடக்குமோ அது. ஆண்டுக்கு 5 கேம்களுக்கு மேல் கூடாது. போட்ட கேமை 2 ஆண்டுகளுக்கு வேறு கன்சோலில் போடக் கூடாது. கேசட்டை நின்டெண்டோதான் செய்து தரும், பணம் முன்கூட்டியே. விற்காமல் தேங்கினால் நஷ்டம் கேம் கம்பெனிக்கு. ஐந்து போதாத கொனாமி, ‘அல்ட்ரா கேம்ஸ்’ என்று இன்னொரு பெயர்ப்பலகை மாட்டி மேலும் ஐந்து பெற்றது. டெங்கன் என்ற பெயரில் கேம் விற்ற அட்டாரி கேம்ஸ், பூட்டையே நகலெடுத்துச் சாவி செய்தது. வழக்கில் மாட்டிக்கொண்டது. வேறு சிலர் கேசட்டிலிருந்து ஒரு மின்னழுத்த அடி கொடுத்துப் பூட்டுச் சிப்பை மயங்கவைத்தார்கள். அடுத்த கன்சோல் பலகையில் நின்டெண்டோ அதற்கும் தடுப்பு வைத்தது.

கே: முதல் தேர்ட் பார்ட்டி யார்? (வாசகர், சேலம்)

ப: ஆக்டிவிஷன், 1979. பெயரும் பங்கும் கிடைக்காமல், அப்போது கன்சோல் செய்துகொண்டிருந்த அட்டாரியை விட்டு வெளியேறிய புரோகிராமர்கள் சேர்ந்து தொடங்கியது. அட்டாரி வழக்குப் போட்டது. 1982-ல் ராயல்டி தருவதாகச் சமரசம்.

கே: நின்டெண்டோ 64 பிளேஸ்டேஷனைவிடச் சக்தி வாய்ந்தது என்கிறார்கள். பிறகு ஏன் கேம் கம்பெனிகள் சோனி பக்கம் போயின? (வாசகர், யாழ்ப்பாணம்)

ப: வேகத்தில் முந்தியது என்பது சரி. அதன் பிராசசர் 93.75 மெகாஹெர்ட்ஸ், பிளேஸ்டேஷனுடையது சுமார் 34. ஆனால் கேம் கம்பெனி முதலில் கேட்பது வேகத்தை அல்ல. ‘என் சரக்கை எதில் ஏற்றுவது, அதற்கு எவ்வளவு பணம் முடங்கும்’ என்பதைத்தான்.

1996-ல் வந்த நின்டெண்டோ 64 கேசட்டையே பிடித்துக்கொண்டிருந்தது. அதன் முதல் மாரியோ கேம் 8 எம்.பி.; கடைசிக் காலத்தில் வந்த மிகப் பெரிய கேசட்டே 64 எம்.பி. ஒரு சிடி ஏறக்குறைய 650 எம்.பி. கொள்ளும். கேசட்டில் இருப்பது மாஸ்க் ரோம் சிப். கேமை சிப் தயாராகும்போதே பதித்துவிடுவார்கள், அப்புறம் அழிக்க முடியாது. விற்பனைக்குப் பல வாரங்கள் முன்பே எத்தனை வேண்டும் என்று சொல்லிப் பணம் கட்டிவிட வேண்டும். ஒரு லட்சம் கேசட் சொல்லி நாற்பதாயிரம் விற்றால், அறுபதாயிரம் சிப்பும் கிடங்கில் செத்த சரக்கு. பயந்து நாற்பதாயிரம் மட்டும் சொல்லி, கிறிஸ்துமசுக்கு முன்பே தீர்ந்துவிட்டால், அடுத்த லோடு வருவதற்குள் சீசன் முடிந்திருக்கும். சிடி என்றால் குறைவாக அச்சடித்து, விற்கிறதா என்று பார்த்து, சில நாளில் மறுபடி அச்சடிக்கலாம். விலையும் கேசட்டோடு ஒப்பிட்டால் சொற்பம். சோனி வாங்கிக்கொண்ட ஆபத்து ஒன்றுமில்லை. கேம் கம்பெனியின் தலையிலிருந்த ஆபத்தைக் குறைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டாவது, படம். நின்டெண்டோ 64-ல் ஒரு பரப்பின் மேல் ஒட்டும் படத்தை வரையும் நேரத்தில் வைக்க ஒதுக்கிய நினைவகம் வெறும் 4 கே.பி. ஒரு புள்ளிக்கு 16 பிட் என்றால் 64-க்கு 32 புள்ளிதான் அடங்கும். ஒரு செங்கல் சுவருக்கு அது போதும், ஒரு முகத்துக்குப் போதாது. அந்தத் துண்டுப் படத்தைப் பெரிய சுவர் முழுக்க இழுத்து, வடிகட்டி மழுப்புவதால்தான் அந்தக் கன்சோலில் எல்லாமே பனிக்குள் இருப்பதுபோல் தெரியும். பிளேஸ்டேஷனில் 256-க்கு 256 வரை எடுத்து ஒட்டலாம். புள்ளிகள் கரடுமுரடாகத் தெரியும், ஆனால் விவரம் இருக்கும்.

மூன்றாவது, ஒலி. பிளேஸ்டேஷனில் ஒரே நேரத்தில் 24 ஒலிகளுக்குத் தனிச் சிப். அதற்கு மேல் சிடியிலிருந்து நேரடிப் பாட்டு. நின்டெண்டோ 64-ல் தனி ஒலிச் சிப்பே கிடையாது. படம் வரையும் கோ-பிராசசரிடமிருந்தோ மெயின் பிராசசரிடமிருந்தோ நேரம் பிடுங்கித்தான் சத்தம் வரவேண்டும். அந்தக் கோ-பிராசசரின் உள்கட்டளைகளைத் திருத்தி வேகம் கூட்ட முடிந்தவர்கள் ரேர், ஃபேக்டர் 5 போன்ற மிகச் சில கேம் கம்பெனிகளே.

இத்தனைக்கும் நடுவில் முடியாதது என்று ஒன்றுமில்லை. பிளேஸ்டேஷனில் 2 சிடியில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-வை, ஏஞ்சல் ஸ்டூடியோஸ் 1999-ல் ஒரே 64 எம்.பி. கேசட்டுக்குள் வீடியோ காட்சிகளோடு சேர்த்து அடைத்தது. நொடிக்குப் பாதி ஃபிரேம்களை மட்டும் சேமித்து, இடையில் உள்ளவற்றைக் கன்சோலே கணக்கிட்டு நிரப்பும்படி செய்தார்கள். மெச்சத்தக்க வேலை. ஆனால் இப்படி ஒரு குழுவைக் கட்டிப்போட எத்தனை கம்பெனிக்கு வசதி உண்டு?

ஸ்கொயர் கம்பெனி அந்த வழிக்கே போகவில்லை. அதுவரை நின்டெண்டோவில் வந்துகொண்டிருந்த ஃபைனல் ஃபேண்டசியின் ஏழாம் பாகம் 1997-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்தது, 3 சிடியில். டிராகன் குவெஸ்டும் பின்னாலேயே போனது. நின்டெண்டோ 64-க்கு மொத்தம் வந்த கேம்கள் 388. விற்பனை 3.29 கோடி, பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல்.

கே: நின்டெண்டோவின் வீ யூ கன்சோலுக்குக் கேம் கம்பெனியான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் மேடையேறி ஆதரவு அறிவித்ததே, பிறகு என்ன ஆயிற்று? (வாசகர், சென்னை)

ப: 2011-ல் அறிவிப்பு. 2012 நவம்பரில் கன்சோல் வந்தது. அதற்கு அவர்கள் கொடுத்தது ஃபிஃபா 13, மேடன் 13, மாஸ் எஃபெக்ட் 3, நீட் ஃபார் ஸ்பீட் என நான்கு. அதோடு சரி. கேம்களுக்கு 1 ஜி.பி. நினைவகம் தரும் கன்சோல் அது. ஒரே வருடத்தில் 8 ஜி.பி.யுடன் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டும் வந்துவிட்டன. அவற்றுக்கு எழுதிய கேமை வீ யூ-வுக்குக் கொண்டுவருவது மறுபடி எழுதுவதற்குச் சமம். வாங்க ஆளும் இல்லை. மொத்த விற்பனையே 1.36 கோடி.

கே: நின்டெண்டோ ஸ்விட்சில் வாங்கிய விட்சர் 3 ஏன் இப்படி மங்கலாக இருக்கிறது? கார்டு கோளாறா? (வாசகர், பெங்களூரு)

ப: கார்டு நன்றாகத்தான் இருக்கிறது. கையில் வைத்து ஆடும்போது படத்தின் உயரம் ஏறக்குறைய 540 வரிகள், திரை 720. டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்தால் 720 வரை ஏறும், காட்சி கனமானால் தானே இறங்கும். முட்டுக்கட்டை நினைவகம். ஸ்விட்சின் நினைவகம் நொடிக்கு 25.6 ஜி.பி. கொடுக்கும், பிளேஸ்டேஷன் 4-ல் அது 176. சக்தியைவிட இந்தக் குழாயின் அகலம்தான் வேறு கன்சோலின் கேமை இதற்கு மாற்றிக் கொடுப்பவரின் கழுத்தைப் பிடிக்கிறது. அதனால் முதலில் வெட்டுவது படத்தின் அளவை, அடுத்து நிழலை, அடுத்து தூரத்துப் புல்லை. டூம் கேமில் நொடிக்கு 60 ஃபிரேமை 30 ஆக்கினார்கள். விட்சர் 3 முழுவதையும் 2019-ல் ஒரே 32 ஜி.பி. கார்டில் அடக்கியது சேபர் இன்டராக்டிவ். எங்கள் கருத்து, மங்கலைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கார்டுக்குக் காசு கொடுக்க மனமில்லாமல், பாதி கேமை மட்டும் கார்டில் வைத்து மீதியை டவுன்லோடு செய்துகொள்ளச் சொல்லும் கம்பெனிகளைத்தான் பொறுத்துக்கொள்வது கஷ்டம்.

கே: நாங்கள் இரண்டு பேர், யூனிட்டி என்ற கேம் செய்யும் மென்பொருளில் ஒரு கேம் முடித்துவிட்டோம். வசனம் தமிழில். கன்சோலுக்குக் கொண்டுபோக என்ன வழி? (வாசகர், கோயம்புத்தூர்)

ப: முதலில் விண்ணப்பம். நின்டெண்டோ டெவலப்பர் போர்ட்டல், பிளேஸ்டேஷன் பார்ட்னர்ஸ், ஐடி அட் எக்ஸ்பாக்ஸ் மூன்றும் தனித்தனி. கேம் விவரமும் ஓடும் வீடியோவும் தயாராக வையுங்கள். ஏற்றுக்கொண்டால் ரகசிய ஒப்பந்தம், அதன்பின்தான் டெவ் கிட், அதாவது கேம் செய்பவர்களுக்கான தனிக் கன்சோல். கடையில் வாங்கிய ஸ்விட்சில் உங்கள் பில்டு ஓடாது. யூனிட்டியின் கன்சோல் பகுதி சாதாரண இன்ஸ்டாலரில் இருக்காது. அனுமதி பெற்றவர்களுக்கே தருவார்கள், பெரும்பாலும் கட்டண லைசென்சும் வேண்டும்.

பிறகு சோதனை. நின்டெண்டோவில் இதற்கு லாட்செக் என்று பெயர், சோனியில் டி.ஆர்.சி. கேம் நன்றாக இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறார்கள். திருப்பி அனுப்பப்படுவது பெரும்பாலும் சில்லறைக் காரணங்களால்: கன்ட்ரோலர் துண்டித்தால் கேம் நிற்கவில்லை, சேவ் ஆகும்போது ‘அணைக்காதீர்கள்’ என்ற அறிவிப்பு இல்லை, ஸ்லீப்பிலிருந்து எழுந்ததும் ஒலி வரவில்லை, திரையில் பட்டன் பெயர் தவறு. கடைசியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். எக்ஸ்பாக்சில் ‘ஏ’ கீழே இருக்கிறது, ஸ்விட்சில் வலப்பக்கம். முதல் முறையே தேறும் என்று வெளியீட்டுத் தேதியை அறிவித்துவிடாதீர்கள்.

தமிழுக்குத் தனி வேலை ஒன்று இருக்கிறது. யூனிட்டியின் டெக்ஸ்ட் மெஷ் புரோ எழுத்துகளை வந்த வரிசையிலேயே வைக்கும். ‘கெ’ என்று எழுதினால் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும், ‘கொ’வில் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கும். ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்துக்கோப்பு நூலகத்தை இணைத்தால் சரியாகும். ஆனால் அது கன்சோலுக்கும் கம்பைல் ஆகிறதா என்று முதல் வாரமே பாருங்கள். கணினியில் மட்டும் ஓடும் பிளக்-இன்னை நம்பிக் கடைசியில் மாட்டிக்கொள்வது சுலபம். வசனம் மாறாதது என்றால் இன்னொரு வழி: ஒவ்வொரு சேர்க்கை எழுத்தையும் ஃபான்டில் தனி எழுத்தாக வைத்து, வசனக் கோப்பை முன்கூட்டியே அந்தக் குறியீட்டுக்கு மாற்றிவிடலாம். சோதிக்க ‘கொக்கு’, ‘நௌகா’, ‘ஸ்ரீ’ மூன்றையும் டெவ் கிட்டில் ஓடவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள்.