எந்த மணி நேரத்துக்கு அந்தக் கூலி?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில் இருக்கிறோம். நான் பல ஆண்டுகளாக ஒப்பந்த முறையில் மென்பொருள் வேலை பார்ப்பவன். இப்போது மணிக்கு 65 டாலர். விடுப்பு எடுத்தால் சம்பளம் கிடையாது. சென்ற ஆண்டு ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்க 6 வாரம் ஆனது. அதற்கு முன்பு ஒரு மாதம் மதுரைக்கு வந்துவிட்டுப் போனோம்.

2024 ஜூலையில் பெரில் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் மின்கம்பத்தைச் சரிசெய்ய வெளிமாநில லைன்மேன்கள் வந்தார்கள். என் மகன் அவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போய், அவர்களுக்கு அன்றைக்கு இரட்டைக் கூலி என்று தெரிந்துகொண்டு வந்தான். அன்று பிடித்தது. இப்போது பள்ளி இறுதி வகுப்பு. கல்லூரி வேண்டாம், லைன்மேன் ஆகிறேன், இல்லையென்றால் லிஃப்ட் மெக்கானிக் ஆகிறேன் என்கிறான். அதிக மணிக்கூலி தரும் வேலைகள் என்று ஒரு பட்டியலையும் காட்டுகிறான். அதில் பல் சுத்தம் செய்யும் டென்டல் ஹைஜீனிஸ்டுக்கு 42 டாலர், லிஃப்ட் மெக்கானிக்குக் 49, மூத்த விமானிக்கு 400, பெரிய வக்கீலுக்கு 1,000. என் 65 இதில் எங்கே நிற்கிறது? அவனுக்கு என்ன பதில் சொல்வது? என் மனைவியோ, ‘நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது’ என்பதிலேயே நிற்கிறாள்.

கே.ஆர்.

*

அன்புள்ள கே.ஆர்.,

சம்பளப் பட்டியல் போடும் பிரிவில் நெடுங்காலம் இருந்தவள் நான். அந்த வேலையில் யாராவது ஒரு தொகையைச் சொன்னால், தொகையைப் பார்ப்பதற்கு முன்பு அது எத்தனை மணி நேரத்துக்கு என்று பார்ப்போம். உங்கள் மகன் கொண்டுவந்த பட்டியலில் நான்கு எண்கள் இருக்கின்றன. நான்கிலும் ‘மணி நேரம்’ வேறு வேறு.

வக்கீலின் 1,000 டாலரை முதலில் அடித்துவிடுங்கள். அது கூலியே இல்லை. கட்சிக்காரர் கையில் கொடுக்கப்படும் பில். அலுவலக வாடகையும் குமாஸ்தாக்கள் சம்பளமும் பங்குதாரர்களின் லாபமும் அதற்குள் அடக்கம். உங்களுக்கு இது புதிதல்ல. நீங்கள் போய் வேலை செய்யும் கம்பெனி இடைத்தரகருக்குக் கொடுக்கும் பில் ரேட்டை வைத்து யாராவது உங்கள் வருமானத்தைக் கணக்கிட்டால் சிரிப்பீர்கள் அல்லவா? அதேதான். அங்கே வக்கீல்கள் நேரத்தை 6 நிமிடத் துண்டுகளாக எழுதுகிறார்கள். 2 நிமிட ஃபோனும் ஒரு துண்டு. பெரிய நிறுவனத்தில் இளம் வக்கீல் ஆண்டுக்கு 1,900, 2,000 மணி நேரம் பில் காட்ட வேண்டும். சாப்பாடு, அலுவலகக் கூட்டம், பயிற்சி எதையும் கட்சிக்காரர் தலையில் கட்ட முடியாது என்பதால், அந்த 2,000ஐக் காட்ட அதைவிட வெகுநேரம் அலுவலகத்தில் கிடக்க வேண்டும். 1958இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் இந்த மணிக்கணக்கு முறையைப் பரிந்துரைத்து ஒரு சிறு வெளியீடு கொண்டுவந்தபோது, ஆண்டுக்கு 1,300 மணி நேரம் பில் போடலாம் என்றுதான் கணித்தது. எங்கே தொடங்கி எங்கே வந்திருக்கிறது பாருங்கள்.

விமானியின் 400 நிஜமான கூலிதான். பெரிய அமெரிக்க நிறுவனங்களில் அகன்ற விமானம் ஓட்டும் மூத்த கேப்டனுக்கு அதற்கு மேலும் உண்டு. ஆனால் அங்கே கடிகாரம் ஓடத் தொடங்குவது விமானம் கேட்டை விட்டு நகரும்போது. நிற்பது போய்ச் சேர்ந்த ஊரின் கேட்டில். சீருடை போட்டுக்கொண்டு விமான நிலையம் வந்தது, வானிலை அறிக்கை பார்த்தது, எரிபொருளைச் சரிபார்த்தது, தாமதமான அடுத்த விமானத்துக்காக உட்கார்ந்திருந்தது எதற்கும் பொதுவாக அந்த 400 இல்லை. சட்டப்படி ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் அவர் பறக்கவும் கூடாது. பணிப்பெண்கள் நிலை இன்னும் மோசம். பயணிகளை ஏற்றி, பெட்டிகளை மேலே தூக்கிவைத்து, சண்டை தீர்த்து, கதவை மூடும் வரைக்கும் சம்பளம் இல்லாமலே பல காலம் ஓடியது. 2022இல்தான் டெல்டா நிறுவனம் அந்த நேரத்துக்குப் பாதிக் கூலி கொடுக்க ஆரம்பித்தது. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் அதுவே முதல்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக்கு இந்தச் சிக்கல் தெரியும். வாரம் 40, ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,080 மணி என்று வைத்துக்கொண்டு, ஆண்டுச் சம்பளத்தை அதனால் வகுப்பார்கள், மணிக்கூலியென்றால் பெருக்குவார்கள். விமானிகள், பள்ளி ஆசிரியர்கள் போன்ற சிலருக்கு மணிக்கூலி போடுவதில்லை, ஆண்டுக் கணக்கு மட்டும்தான். நடிகர்களுக்கும் இசைக் கலைஞர்களுக்கும் அப்படியே தலைகீழ்: மணிக்கணக்கு உண்டு, ஆண்டுக்கணக்கு இல்லை. ஆண்டு முழுக்க வேலை இருக்கும் என்று எந்த அதிகாரியாலும் எழுத முடியாது என்பதால் இருக்கலாம்! இவ்வளவு கவனமாக அவர்கள் விட்ட கட்டங்களைத்தான் இணையப் பட்டியல் தயாரிப்பவர்கள் வகுத்தும் பெருக்கியும் நிரப்பிவிடுகிறார்கள்.

ஹைஜீனிஸ்டுக்கு அந்தத் துறையின் 2023 மே கணக்கில் இடைநிலைக் கூலி, அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் அதற்குக் கீழும் வாங்கும் கூலி, 42 டாலரை ஒட்டி வருகிறது. அந்த வேலையில் பலர் பகுதி நேரக்காரர்கள். திங்கள், செவ்வாய் ஒரு பல் மருத்துவரிடம், வியாழன் இன்னொருவரிடம் என்று போகிறவர்கள் உண்டு. இப்படி இருப்பவர்களின் கூலியை 2,080ஆல் பெருக்கினால் வருவது அவர்கள் கண்ணில் காணாத தொகை.

இப்போது உங்கள் 65. 2,080ஆல் பெருக்கினால் 1,35,200 டாலர். மதுரைப் பயணத்துக்கு 160 மணி நேரம், புராஜெக்ட் இல்லாத 6 வாரத்துக்கு 240, பண்டிகையும் காய்ச்சலும் சேர்ந்து 10 நாள் என்றால் 80. ஆக 480 போனால் மிச்சம் 1,600 மணி. வந்தது 1,04,000 டாலர். லிஃப்ட் மெக்கானிக்கின் இடைநிலை ஆண்டு வருமானம் 2023இல் 1,02,420. அதாவது 65க்கும் 49க்கும் இடையில் இருந்த பெரிய பள்ளம் உங்கள் கணக்கில் ஏறக்குறையத் தூர்ந்துவிட்டது. அவர்களில் யூனியன்காரர்களுக்கு மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கூலிக்கு மேலே தனியாக வரும். நீங்கள் டபிள்யூ-2 முறையில், அதாவது ஏஜென்சியின் ஊழியராக இருக்கிறீர்களா, 1099 முறையில், அதாவது சுயதொழில்காரராக இருக்கிறீர்களா என்று எழுதவில்லை. 1099 என்றால் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரியில் முதலாளி கட்டவேண்டிய 7.65 சதவீதமும் உங்கள் பாக்கெட்டிலிருந்தே போகும். இரண்டும் சேர்ந்து 15.3.

அந்த இரட்டைக் கூலி விஷயம்தான் எனக்குச் சுவையானது. 1938ஆம் ஆண்டு சட்டப்படி வாரம் 40 மணிக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும். லைன்மேனுக்கு அது உண்டு. புயல் வேலையில் இரட்டை என்பது யூனியன் பேசி வாங்குவது. ஆனால் அதே சட்டத்தில் கணினி வேலைக்கு ஒரு விதிவிலக்கைச் செருகி வைத்திருக்கிறார்கள். மணிக்கு 27.63 டாலரோ அதற்கு மேலோ வாங்கும் புரோகிராமருக்கு அந்த ஒன்றரை மடங்கைத் தர வேண்டியதில்லை. 1990களில் போட்ட எண், அப்படியே கிடக்கிறது. வெளியீட்டுத் தேதி நெருங்கும்போது நீங்கள் வாரம் 60 மணி நேரம் உட்கார்ந்தாலும் 41ஆவது மணிக்கும் 65தான். சிலருக்கு அதுவும் எழுத அனுமதி இல்லை, 40 என்றே டைம்ஷீட்டில் போடச் சொல்வார்கள். இந்த ஒரு வரிக்காகவே உங்கள் மகன் அந்த லைன்மேனைப் பார்த்து வியந்தது சரி என்பேன்.

இதைச் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. புயல் வேலை என்றால் 16 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு, அந்த ஓய்வும் ஏதோ ஓர் ஊரில் லாரியிலோ கூடாரத்திலோ. ஹூஸ்டன் ஜூலை வெயிலில் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு அந்தரத்தில் வாளியில் நிற்பது. ஆள் சாகும் வேலைகளின் வரிசையில் அது எப்போதும் முன்னால் இருக்கிறது. லிஃப்ட் வேலை அவ்வளவு வெயில் இல்லை, ஆனால் பாதாளக் குழி, பாரம், முழங்கால் வலி. கட்டடத் தொழில் படுத்தால் புதிய லிஃப்ட் பொருத்துகிறவருக்கும் உங்கள் 6 வாரம் வரும். பராமரிப்புப் பக்கம் போனவருக்கு அந்தக் கவலை குறைவு.

கூலி உயர்ந்து நிற்பதற்கு ஆபத்து மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். கூரை வேய்பவர் இவர்களைவிட ஆபத்தில் நிற்கிறார், இவர்களைவிடக் குறைவாக வாங்குகிறார். 40 மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் கட்டடமே நிற்கிறது. அதைத் தொட அனுமதி உள்ளவர்களோ அமெரிக்கா முழுவதும் சுமார் 24,000 பேர். வாசல் குறுகல். 4 ஆண்டு பயிற்சி, அதுவும் கைதேர்ந்தவரின் கூலியில் பாதியில் தொடங்கி ஏறும். பல மாநிலங்களில் லைசென்ஸ் வேறு. துறைமுகத் தொழிலாளர்களைப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் தேதி கிழக்குக் கரை முழுக்க வேலையை நிறுத்தினார்கள். மூன்றே நாளில், உச்ச அடிப்படைக் கூலியை 39 டாலரிலிருந்து 6 ஆண்டுகளில் 63ஆக உயர்த்த முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். ஒப்பந்த மென்பொருள்காரர்கள் ஒருவரையொருவர் அறியாமல், ஆளுக்கொரு ஏஜென்சியில், ஆளுக்கொரு ரேட்டில் இருக்கிறீர்கள். சம்பளத்தைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்வதே தப்பு என்று வேறு நம்பவைக்கப்பட்டிருக்கிறீர்கள்.

மகன் விஷயத்துக்கு வருகிறேன். நான் தடுக்கமாட்டேன். கல்லூரிக் கடன் இல்லாமல், 19 வயதில் பாதிக் கூலியோடு பயிற்சி என்பது கெட்ட பேரம் அல்ல. ஆனால் பட்டியலைப் பார்த்து ஆசைப்பட்டானா, வேலையைப் பார்த்து ஆசைப்பட்டானா என்பதை நீங்கள்தான் அறிய வேண்டும். தண்ணீர் பாட்டில் கொடுக்கப் போனவன் கூலியை மட்டும்தான் கேட்டானா, அந்த மனிதர் கம்பத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்றும் கேட்டானா? அதை அவனிடம் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் பேசப்படும் அந்த நாலு பேரை நான் பார்த்ததில்லை; அவன் கடனைக் கட்ட அவர்கள் வரப்போவதுமில்லை.

லிஃப்ட் பயிற்சிக்கு எல்லா நாளும் ஆள் எடுப்பதில்லை. விண்ணப்பத்தைத் திறப்பார்கள், மூடுவார்கள், பிறகு நீண்ட நாள் மூடியே இருக்கும். ஹூஸ்டனில் இருக்கும் யூனியன் அலுவலகத்தில் அடுத்து எப்போது என்று இப்போதே கேட்டு வைக்கச் சொல்லுங்கள். 18 வயது முடிந்திருக்க வேண்டும், பள்ளிப் படிப்புச் சான்று வேண்டும். நுழைவுத் தேர்வில் கணக்கும், படித்துப் புரிந்துகொள்வதும், இயந்திர அறிவும் கேட்பார்கள், அதன் பிறகு நேர்காணல். பள்ளியில் மிச்சமிருக்கும் மாதங்களில் அவன் இயற்கணிதத்தை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா