வடநெம்மேலி முதலைப் பண்ணை: முட்டை முதல் ஆறு வரை

அழிந்துவரும் முதலையினங்களைப் பெருக்க 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் மாமல்லபுரம் சாலையில் தொடங்கிய பண்ணை இது. அங்கே நடக்கும் இனப்பெருக்க வேலை பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

கேள்வி: சார், முதலை முட்டையை இன்குபேட்டரில் வைத்தால் கோழி முட்டை மாதிரி திருப்பிவிட வேண்டுமா?

பதில்: திருப்பவே கூடாது. இட்ட ஒரு நாளுக்குள் கரு, ஓட்டின் மேல்பக்கச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டை புரண்டால் கரு செத்துவிடும். அதனால் கூட்டு மண்ணைக் கையால் தள்ளியதும், முட்டையை அசைக்கும் முன்பே, மேல்புறத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். ஈர மணலோ, ஈரம் காக்கும் கனிமத் துகளான வெர்மிகுலைட்டோ பரப்பிய பெட்டியில் அந்தக் கோடு மேலே பார்த்தபடியே அடுக்க வேண்டும். கரு பிடித்த முட்டையில் சீக்கிரமே சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு திட்டு தெரியும். போகப்போக அது முட்டையைச் சுற்றிப் பட்டையாக விரியும். பட்டை விழாதது கூமுட்டை. எடுத்துவிடுங்கள், அழுகினால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் தாவும்.

கேள்வி: ஆணா பெண்ணா என்பதைச் சூடு தீர்மானிக்கிறதாமே?

பதில்: ஆமாம், முதலைக்குப் பாலினக் குரோமோசோம் கிடையாது. நன்னீர் முதலையில் 31 டிகிரிக்குக் கீழே எல்லாம் பெண், 32.5 டிகிரியை ஒட்டிப் பெரும்பாலும் ஆண். அதைத் தாண்டினால் மறுபடி பெண் கலக்கும். அடைகாலத்தின் நடுப்பகுதியில்தான் இது முடிவாகும். தெர்மாமீட்டர் முனை முட்டைகளுக்கு நடுவே இருக்கட்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்றின் சூட்டை அளந்து பயனில்லை, வளரும் கருவே சூடு விடும்.

கேள்வி: மீன் தின்னும் நீண்ட மூக்கு முதலையான கரியாலுக்கு ஐஸ் மீன் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அது மட்டுமே கூடாது. சில மீன்களில் வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. ஐஸில் வைத்தாலும் அது அடங்காது. சத்துக் குறைந்த கரியால் தடுமாறி நீந்தும். பி1 மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகிப் போடுங்கள். மார்கழிக் குளிரில் தீனியைக் குறைக்க வேண்டும். உடம்பு சூடேறாவிட்டால் தின்றது வயிற்றிலேயே அழுகும்.

கேள்வி: இவ்வளவு பொரிக்கிறதே, எல்லாவற்றையும் ஆற்றில் விட்டால் என்ன?

பதில்: வளர்ப்பது பெரிய வித்தையில்லை. நன்னீர் முதலை இந்தப் பண்ணையில் ஒரே பருவத்தில் இரண்டு முறைகூட முட்டையிட்டிருக்கிறது. விடுவதற்கு ஆறு எங்கே? கொள்ளிடக் கரையில் மக்கள் குளிக்கும் துறையிலேயே முதலையும் இருக்கிறது. அங்கே இன்னும் நூறைக் கொண்டுபோய் விடுவது இரு தரப்புக்கும் அநியாயம். கரியாலின் நிலைமை இன்னும் மோசம். அதற்கு ஆழமான ஓடும் தண்ணீரும், முட்டையிட உயர்ந்த மணல்திட்டும் வேண்டும். மணலை அள்ளினால் கூடு போச்சு. மீனவர் விரிக்கும் செவுள் வலையில் நீண்ட மூக்கு சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். காட்டில் மிச்சமிருப்பவற்றில் பெரும்பகுதி வட இந்தியாவின் சம்பல் ஆற்றில்தான். 2007–08 குளிர்காலத்தில் அங்கே நூற்றுக்கும் மேற்பட்டவை சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் யூரிக் அமிலம் படிந்து செத்தன. ஒரே ஆற்றை நம்பியிருப்பதன் ஆபத்து இதுதான். பண்ணையில் தனி இருப்பு தேவைப்படுவதும் இதனால்தான்.

கேள்வி: வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கிறது, நோயா?

பதில்: இல்லை, சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் காசு எறியாதீர்கள். விழுங்கிய காசு இரைப்பையிலேயே தங்கி, அமிலத்தில் கரைந்து உலோக நஞ்சாகும். யாராவது எறிவதைப் பார்த்தால் எந்தத் தொட்டி என்று குறித்துக்கொண்டு பராமரிப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.