பழைய கச்சேரி வாசலில் ஸ்பெயின் ராஜா: வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில் இடம் மிஞ்சியதால் ஸ்பெயினின் செகோவியா கோட்டைப் படம் ஒன்றைச் சும்மா போட்டு வைத்தோம். அதற்கு வந்த கடிதமும் வட்ஸ்அப்பும் என் கட்டுரை எதற்கும் இதுவரை வந்ததில்லை, அந்த வயிற்றெரிச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த மாதம் முழுக்கக் கோட்டைதான்.

அந்தப் படம் கம்பியூட்டரில் செய்ததா சேர்? கல்யாண மண்டப வாசலுக்குக் கட்டுகிற செற் மாதிரி இருக்கிறதே! (வாசகி, களுவாஞ்சிகுடி)

உண்மையான கோட்டைதான் தங்கச்சி. எரெஸ்மா, கிளமோரெஸ் என்று இரண்டு ஆறுகள் வந்து சேரும் இடத்துப் பாறை நுனியில், கப்பலின் அணியம் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. 1474 டிசம்பரில் இசபெல்லா, அன்றைய ஸ்பெயினின் பெரிய இராச்சியமான கஸ்தீலியாவின் அரசியாகத் தன்னை அறிவிக்கப் புறப்பட்டது இந்த வாசலால்தான். ஆனால் உங்கள் கண்ணை இழுத்தது அந்தக் கறுப்பான கூர்க்கூரைகள் என்றால் ஒரு விசயம் சொல்ல வேண்டும், அவை இடைக்காலத்தவை அல்ல. 16ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பிலிப் ராஜா ஆசைப்பட்டுப் போட்ட கற்பலகைக் கூரை அது. அதுவும் 1862இல், பீரங்கிப் படைப் பள்ளிக்கூடம் உள்ளே நடந்த காலத்தில், தீப்பிடித்து நாசமாகி, பிறகு திரும்பக் கட்டியது. அசல் இடைக்காலக் கோட்டைக்கு இந்த அலங்காரம் கிடையாது. மொட்டை மதில், மொட்டைக் கோபுரம், சின்னச் சின்னத் துவாரம், அவ்வளவுதான். இந்தப் பிலிப் ராஜாவை மறக்காதீர்கள், கடைசிக் கேள்வியில் திரும்ப வருவார்.

எதற்கு அந்த நாட்டில் மட்டும் இவ்வளவு கோட்டை? ராஜாக்கள் அவ்வளவு பேரா? (உயர்தர மாணவன், வாழைச்சேனை)

ராஜாக்களும் அதிகம்தான் மகன், ஆனால் காரணம் எல்லை. 711இல் முஸ்லிம் தளபதி தாரிக் பின் சியாத் படையோடு கடல் கடந்து வந்தார், 1492 ஜனவரி 2ஆம் திகதி அங்கே கடைசியாக மிஞ்சிய முஸ்லிம் அரசான கிரனாதா சரணடைந்தது. இதற்கு இடைப்பட்ட ஏறத்தாழ எண்ணூறு வருடத்தில் முஸ்லிம், கிறிஸ்தவ ஆட்சிகளுக்கு நடுவிலான எல்லைக்கோடு ஓர் இடத்தில் நிற்கவேயில்லை, மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தது. எல்லை போன இடமெல்லாம் மேட்டைத் தேடி ஒரு கோட்டை. கஸ்தீலியா என்ற பெயரே ‘கோட்டைகளின் நாடு’ என்பதுதான், அரபியர் அந்தப் பக்கத்தை ‘அல்-கிலாஉ’, அதாவது கோட்டைகள் என்றே எழுதினார்கள்.

துவேரோ ஆற்றைப் பார்த்தபடி குன்றின் மேல் கிடக்கும் கோர்மாஸ், கொர்தோபா கலீபா இரண்டாம் ஹகம் 965 அளவில் பெருப்பித்துக் கட்டுவித்தது. சுற்று மதில் மட்டும் ஒரு கிலோமீற்றருக்கு மேல். அதற்கு எதிர்மாதிரி லோவாரே. 11ஆம் நூற்றாண்டில் பிரெனீஸ் மலையடிவாரத்தில் கிறிஸ்தவர்கள் கட்டியது, கீழே தெரியும் வெஸ்கா சமவெளி அப்போது முஸ்லிம்களின் கையில். 1096இல் வெஸ்கா பிடிபட்டது, எல்லை தள்ளிப்போனது, லோவாரேக்கு வேலை போனது. வேலை போனதால்தான் ஒருவரும் இடித்துப் பெருப்பிக்கவில்லை, இன்றைக்கும் கிட்டத்தட்ட அந்தக் காலத்து மேனியோடு நிற்கிறது. தொடர்ந்து ஆள் குடியிருந்த கோட்டைகளில்தான் பழசு மிச்சமில்லை. பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்குமோ தெரியாது, ஆனால் சரியான விசயம்.

இந்தக் கோட்டைகளை முஸ்லிம் கோட்டை, கிறிஸ்தவக் கோட்டை என்று பிரித்துச் சொல்லலாமா? எங்கள் பிள்ளைகள் கிரனாதாவின் அல்ஹம்ரா கோட்டை அரண்மனையை மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். (மௌலவி ஒருவர், காத்தான்குடி)

கட்டியவர் யார் என்று சில இடத்தில் சொல்லலாம் மௌலவி அவர்களே. ஆனால் ‘இது முழுக்க எங்களுடையது’ என்று யாரும் சொல்ல முடியாதபடிதான் அங்கே கல்லும் சொல்லும் கலந்து கிடக்கின்றன. ஸ்பானிய மொழியில் கோட்டை அரண்மனைக்கு ‘அல்காசர்’ என்று பெயர். அது அரபியின் ‘அல்-கஸ்ர்’, அந்த அரபிச் சொல்லோ இலத்தீனின் ‘கஸ்ட்ரும்’ என்பதிலிருந்து போனது, ஆக இலத்தீனிலிருந்து கிளம்பிய சொல் அரபு நாட்டைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் இலத்தீனின் பிள்ளையிடமே வந்து சேர்ந்திருக்கிறது! கோட்டைத் தலைவருக்கு ‘அல்கைதே’, அது ‘அல்-காயித்’. காயிதே மில்லத் என்கிறோமே, அதே காயித். கோட்டைக்குள் உள்ள தண்ணீர்த் தொட்டிக்கு ‘அல்ஹீபே’, அது ‘அல்-ஜுப்பு’. யூசுப் நபியைச் சகோதரர்கள் தள்ளிவிட்ட கிணற்றுக்குக் குர்ஆனில் வரும் சொல் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆட்களும் அப்படித்தான். ஸ்பானியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் கிறிஸ்தவ வீரன் எல் சித். அந்தப் பட்டம், தலைவர் என்று பொருள்படும் அரபியின் ‘செய்யிது’ என்பதன் திரிபு, அவர் சில வருடம் சரகோசாவின் முஸ்லிம் அரசரிடம் சம்பளத்துக்குப் போர் செய்தவர். செவில் நகரில் கஸ்தீலிய ராஜா பேத்ரோ 1360களில் கட்டிய அரண்மனையில் அவரையே ‘சுல்தான்’ என்று அரபியில் பொறித்து வைத்திருக்கிறார்கள், கிரனாதாவிலிருந்து வந்த கைவினைஞர்களும் அங்கே வேலை செய்தார்கள். கோகா என்ற ஊரில் 15ஆம் நூற்றாண்டில் செவில் பேராயர் பொன்சேகா கட்டுவித்த கோட்டையைப் பாருங்கள், முழுக்கச் செங்கல், பாய் பின்னினது போல வரிவரியாக. முஸ்லிம் கொத்தனார் மரபில் வந்த கைவேலை, உள்ளே குடியிருந்தது பேராயர் குடும்பம். அல்ஹம்ராவுக்கு மேல் இவ்வளவு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

முற்றுகை போட்டால் மாதக்கணக்கில் உள்ளே என்ன செய்வார்கள்? தண்ணிக்கு எங்கே போவார்கள்? (விவசாயி, அக்கரைப்பற்று)

வயல்காரர் கேட்கிற கேள்வி! கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள், பார்க்க வேண்டியது கீழே, தண்ணீர் எங்கே என்று. மெரிதாவில் 835இல் கட்டிய கோட்டை குவாதியானா ஆற்றங்கரையில் இருக்கிறது. உள்ளே சாதாரண வீடு போல ஒரு சின்னக் கட்டடம், அதற்குள் படிகள் நேரே பூமிக்குள் இறங்குகின்றன. இறங்கிப் போனால் அடியில் குளிர்ந்து இருண்ட தண்ணீர், ஆற்றிலிருந்து மண்ணுக்குள்ளால் வடிந்து வருவது. வாசல் நிலைகளுக்குப் பக்கத்தில் கொடிப்பூ செதுக்கிய பழைய கல்தூண்கள், அரபியர் வர முன்பே அந்த ஊரை ஆண்ட விசிகோத்தியரின் கட்டடங்களிலிருந்து பிடுங்கி வைத்தவை. எதிரி வெளியே எத்தனை மாதம் கூடாரம் அடித்தாலும் ஆற்றை வற்றவைக்க முடியாதல்லவா.

ரொண்டாவில் இதே தண்ணீர்தான் காலை வாரியது. செங்குத்துப் பாறை மேல் ஊர், நாங்கள் பிடிபட மாட்டோம் என்று இருந்தார்கள். 1485இல் இசபெல்லாவின் கணவர் பெர்டினாண்டின் படை பீரங்கியும் கொண்டுவந்தது, பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் ஏற்றும் இரகசியப் படிக்கட்டையும் பிடித்துக்கொண்டது. சில நாளில் கதை முடிந்தது.

வாசலையும் சொல்ல வேண்டும். பெருங்கோபுரத்தின் கதவு பல இடங்களில் நிலத்தோடு இருக்காது, ஓர் ஆள் உயரத்துக்கும் மேலே சுவரில் இருக்கும். மர ஏணியால் ஏறி, ஏறினதும் ஏணியை உள்ளே இழுத்துவிடுவார்கள். யானைக் காவலுக்குப் பரணில் ஏறினவர் செய்கிற அதே வேலை, உங்களுக்கு விளக்கம் தேவைப்படாது.

கொதிக்கிற எண்ணெய் ஊற்றுவார்களாமே? (மாணவி, பொத்துவில்)

படத்தில் ஊற்றுவார்கள். எண்ணெய் அந்தக் காலத்திலும் மலிவான சாமான் இல்லை மகள், உங்கள் அம்மா கடலை பொரித்த எண்ணெயை என்ன செய்கிறா என்று பாருங்கள். பெரும்பாலும் கல்தான், இல்லாவிட்டால் சுடுதண்ணீர், சூடான மணல். மணல் இரும்புச் சட்டைக்குள் இறங்கினால் எண்ணெயை விட மோசம்.

ஸ்பெயினில் வேலை செய்கிற தம்பி கூப்பிடுகிறான். கோட்டைக்குள் இரவு தங்கலாமா? (வாசகர், கல்முனை)

தங்கலாம். ‘பரதோர்’ என்று அரசாங்கமே நடத்தும் ஹொட்டேல்கள் உண்டு, 1928இல் தொடங்கியவை. கர்தோனா, சிகுவென்சா, அலர்க்கோன் கோட்டைகளுக்குள் அவை இருக்கின்றன. காசு தம்பிதான் கட்ட வேண்டும் என்பதை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

எங்கள் மட்டக்களப்புக் கோட்டையை விட்டுவிட்டு ஸ்பெயினுக்கு ஏன் போகிறீர்கள்? (வாசகர், கோட்டைமுனை)

போகவில்லை ஐயா, சுற்றி வந்து உங்கள் வாசலில்தான் நிற்கிறேன். செகோவியாவுக்குக் கூரை போட்ட இரண்டாம் பிலிப், 1580இல் போர்த்துக்கலையும் தன் கைக்குள் கொண்டுவந்தார். அதன்பிறகு 60 வருடம் இரண்டு நாட்டுக்கும் ஒரே ராஜா. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கோட்டை கட்டியபோது அந்தக் கதிரையில் இருந்தவர் பிலிப்பின் பேரன் நான்காம் பிலிப். கட்டியவர்களும் நிர்வாகம் செய்தவர்களும் போர்த்துக்கேயர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பணிந்த ராஜா இருந்தது மட்ரிட்டில்.

நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்ட அரச அலுவலகம், நடந்த இடம் என்பதால் எங்களில் பலருக்கு அது கோட்டையாகவே மனதில் பதியவில்லை. சின்ன வயதில் அப்பா உள்ளே அலுவலாகப் போன நேரம் நான் மதிலில் ஏறிச் சுற்றி நடந்தது ஞாபகம், அகலம் ஓடி விளையாடக் காணும். அந்த அகலம்தான் வித்தியாசமே. லோவாரே காலத்து மதில் உயரமாக இருக்கும், ஏணி போட்டு ஏறுகிறவனுக்குப் பயந்து கட்டியது. எங்களுடையது பதிந்து தடித்து, மூலைக்கொன்றாக நான்கு கொத்தளம் தள்ளி நிற்கும், பீரங்கிக்குப் பயந்து கட்டியது. இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. இன்று நாம் பார்ப்பதில் ஒல்லாந்தர் கைவேலையும் நிறையச் சேர்ந்திருக்கிறது.

அந்த ஒல்லாந்தர் கண்டி ராஜா இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து வந்து 1638 மே 18இல் கோட்டையைப் பிடித்தார்கள், இலங்கையில் அவர்கள் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை. ஸ்பெயின் ராஜாவின் கையை விட்டு எங்கள் கோட்டை இப்படிப் போய், இரண்டரை வருடம் கழித்து 1640 டிசம்பரில் போர்த்துக்கலும் போய்விட்டது.