நாமினி போட்டால் போதுமா?

கேள்வி: கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறோம். குழந்தை இல்லை. வங்கி, எல்ஐசி, பி.எஃப். எல்லாவற்றிலும் ஒருவருக்கொருவர் நாமினி போட்டுவிட்டோம். சட்டப் பாதுகாப்புக்கு இது போதும்தானே?
- பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: போதாது. நாமினியை வாரிசு என்று நம்பாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை கத்தியாயிற்று! நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான். வங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளும். வாரிசுகள் வழக்குப் போட்டால் அவர் திருப்பிக் கொடுக்க வேண்டும். பங்குகளுக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொல்லிவிட்டது. இன்ஷூரன்ஸில் 2015 திருத்தத்துக்குப் பிறகு நாமினிக்கே பணம் சொந்தமாகும். ஆனால் அது பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும். உங்கள் துணைக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பி.எஃப். இன்னும் மோசம். உங்களை நம்பியிருக்கும் அப்பா, அம்மா உயிரோடு இருந்தால், துணையின் பெயரில் போட்ட நாமினேஷனே செல்லாது.

உயிரோடு இருக்கும்வரை, அதுவும் பெண்ணுக்கு, 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் துணை நிற்கும். அடித்தாலோ வீட்டைவிட்டுத் துரத்தினாலோ மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். 12-ம் பிரிவின்கீழ் மாஜிஸ்திரேட்டிடம் நேராகவும் மனு கொடுக்கலாம். வீடு ஆணின் பெயரில் இருந்தாலும் அங்கேயே குடியிருக்க உத்தரவு கிடைக்கும். ஜீவனாம்சமும் உண்டு. ஆனால் ஊரறியக் கணவன் மனைவிபோல நெடுநாள் வாழ்ந்ததைக் காட்ட வேண்டும் என்று 2010-ல் வேலுசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் நிபந்தனை போட்டது. கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு அது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். ஆஸ்பத்திரிப் படிவங்களைத் தூக்கிப் போடாதீர்கள். இருவரில் ஒருவருக்கு விவாகரத்து ஆகாத பழைய கல்யாணம் இருந்தால், இவ்வளவும் ஆட்டம் கண்டுவிடும்.

செத்த பிறகுதான் பெரிய பள்ளம். நீங்கள் இந்துக்கள் என்றால், உயில் எழுதாமல் ஆண் போனால் சொத்து அவர் அம்மாவுக்கு, பெண் போனால் அவர் பெற்றோருக்கு. துணைக்குச் சல்லிக்காசு கிடையாது. இப்போதே தானமாக எழுதி வைக்கலாமா? ரத்த உறவுக்கான முத்திரைக் கட்டணச் சலுகை கிடைக்காது. 50,000 ரூபாயைத் தாண்டினால் வாங்கியவர் வருமான வரியும் கட்ட வேண்டும். உயிலில் வருவதற்கு அந்த வரி இல்லை.

அதனால் இருவரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். உங்கள் உறவினர்கள் முதலில் சந்தேகப்படப்போவது கையெழுத்தைத்தான். இரண்டு சாட்சிகள், நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் போட வேண்டும். துணையையே சாட்சியாக்காதீர்கள். பிற்பாடு கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டியவர்கள் என்பதால், உங்களைவிட வயதில் சிறியவர்களாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.