எலும்பு தேய்மானத்துக்கும் 'ரிசெப்டார்' என்பதற்கும் என்ன தொடர்பு?

அம்மாவுக்கு எலும்பு தேய்மானம், ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி எழுதியிருக்கிறார்கள், ஏதோ ரிசெப்டார் என்றார்கள், அது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மஞ்சக்குப்பத்தில் என் அம்மா வாசல் தெளிக்கும்போது வழுக்கி மணிக்கட்டு உடைந்தபோது நானும் இதையேதான் தேடிப் படித்தேன்.

தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்றில் பொரிந்த சுவரைப் பார்த்திருப்பீர்கள், கொத்தனார் பழைய பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு பூசுவார். எலும்பிலும் அப்படித்தான், சுரண்டுவது ஆஸ்டியோகிளாஸ்ட், பூசுவது ஆஸ்டியோபிளாஸ்ட். சுரண்டும் செல்லின் மேல் ராங்க் என்ற ஏற்பிப் புரதம் இருக்கிறது; ஏற்பி என்பதுதான் அவர்கள் சொன்ன ரிசெப்டார், வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம். பூசும் செல்களும் எலும்புக்குள் புதைந்த செல்களும் தரும் ராங்க்-எல் என்ற புரதம் அந்த ராங்க்கில் வந்து ஒட்டினால்தான் சுரண்டும் செல் உருவாகும், வேலை செய்யும், உயிரோடும் இருக்கும். அந்தச் சமிக்ஞை நின்றால் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்ளும்.

1997-ல் கண்டறிந்த ஆஸ்டியோபுரோட்டெஜெரின் என்ற புரதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதுவும் ராங்க்கின் குடும்பத்து ஏற்பிதான், ஆனால் செல்லோடு ஒட்டாமல் வெளியே மிதந்து ராங்க்-எல்லைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சுரண்டல் குறையும்.



மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சுரண்டும் செல்கள் பெருகி, கூடுதல் நாள் வாழ்கின்றன, பூச்சு பின்தங்குகிறது. ஆறு மாத ஊசி என்றால் அநேகமாக டெனோசுமாப் என்ற மருந்து, 60 மில்லிகிராம். அதுவும் ராங்க்-எல்லைத்தான் பிடிக்கிறது. சரி, ஒன்றை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள்: டாக்டரைக் கேட்காமல் ஊசியை நிறுத்தாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள், அடங்கியிருந்த சுரண்டல் வேகமாகத் திரும்பி முதுகெலும்பு முறிந்தவர்கள் உண்டு.