பெட்டி கட்டுவதற்கு முன் திரும்பும் தேதியைச் சொல்லுங்கள்

கேள்வி: எனக்கு 71 வயது. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. வீட்டுக்காரர் தவறி இரண்டு வருஷம் ஆகிறது. பெரியவன் சுபாங் ஜெயாவில், மகள் கிள்ளானில், சின்னவன் ஜொகூர் பாருவில். அவர் போனதிலிருந்து நான் என் வீட்டில் தங்கிய நாள் குறைவு. பேத்தியின் 21ஆவது பிறந்தநாள், மருமகள் வழியில் ஒரு பரிசம், பேரனின் பட்டமளிப்பு, தீபாவளி என்று ஒன்று மாற்றி ஒன்று. ‘பாட்டிக்கென்ன, ஊர் ஊரா சுத்துறாங்க’ என்கிறார்கள். விருந்தில் நாற்காலியில் உட்கார வைத்து, காலில் விழுந்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சமையற்கட்டுக்குள் போனால் மருமகள் ‘நீங்க உக்காருங்கம்மா’ என்கிறாள். போன தடவை இரண்டு வாரம் என்று போனேன், இரண்டரை மாதம் ஆனது. பிரஷருக்கும் இனிப்புநீருக்கும் மருந்து தீர்ந்துபோய் அங்கே தனியார் கிளினிக்கில் காசு கொடுத்து வாங்கினோம். வீட்டுக்கு வந்தால் கறிவேப்பிலைச் செடி காய்ந்து கிடந்தது. இப்போது பெரியவன் தமிழ்நாட்டுக்கு ஐந்து நாளில் ஒன்பது கோயில் என்று பயணம் போடுகிறான். என் அப்பா துறையூர்ப் பக்கம், ராஜுலா கப்பலில் வந்தவர். அவர் ஊரை நான் பார்த்ததில்லை. பட்டியலில் அது இல்லை. எல்லாரும் நல்ல பிள்ளைகள், குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனால் என் வீட்டில் இருக்க வேண்டும் போலிருக்கிறது. நான் நன்றி கெட்டவளா?

பேர் வேண்டாம், பினாங்கு

பதில்: அன்புள்ள அம்மா, இல்லை. நன்றி கெட்டவர் யாரும் ‘நல்ல பிள்ளைகள்’ என்று எழுதிவிட்டுக் குறையை ஆரம்பிக்க மாட்டார். அந்தக் கேள்வியை இத்தோடு விடுங்கள்.

இரண்டு வாரம் என்று போய் இரண்டரை மாதம் ஆனது என்கிறீர்களே, முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. உங்களைக் கூட்டிப்போகும் நாளை எல்லாரும் சொல்கிறார்கள். கொண்டுவந்து விடும் நாளை யாரும் சொல்வதில்லை. சுபாங்கிலிருந்து கிள்ளான், கிள்ளானிலிருந்து ஜொகூர், பிறகு யாருக்காவது பினாங்குப் பக்கம் வேலை வந்தால் அவர் காரில் இடம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. உங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை ‘அவருக்கு யார் சமைப்பா?’ என்ற ஒரு வார்த்தை உங்களை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. அவர் போனபின் அம்மா திரும்பிப் போக என்ன அவசரம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். உங்களுக்காகத்தான் திரும்ப வேண்டும் என்று நீங்களும் வாய் திறந்து சொல்லவில்லை. காலை நடை, மார்க்கெட்டில் மீன்காரரிடம் பேரம், மின்னல் எஃப்எம், கீழ்வீட்டு மலாய் அம்மா மக்சிக்குடன் அரை மணி நேரப் பேச்சு என்று உங்களுக்கும் ஏதாவது இருக்கும். அதெல்லாம் சில்லறை விஷயம் என்று நீங்களே ஒதுக்கினால் பிள்ளைகள் எப்படிக் கணக்கில் எடுப்பார்கள்?

தயவுசெய்து இதைக் குடும்பப் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடாதீர்கள். ஆளுக்கொரு அழுகை முகம் வரும், பிறகு ‘அம்மாவை யார் என்ன சொன்னது?’ என்ற விசாரணை வரும், கடைசியில் பழி ஏதாவது ஒரு மருமகள் தலையில் விழும். மகளிடம் சொல்லி அண்ணனிடம் சொல்லச் சொல்வதும் வேண்டாம். ஏற்பாடு செய்கிறவர் பெரிய மகன்தானே, அவரிடமே போனில் பேசுங்கள். புலம்பாமல், தேதியாகச் சொல்லுங்கள்: ‘ஐயா, விசேஷத்துக்கு வர்றேன். பத்து நாள் இருப்பேன். செவ்வாய்க்கிழமை ரயில்ல திரும்புறேன், டிக்கெட்ட இப்பவே எடுத்துடு.’ வரும்போதே திரும்பும் டிக்கெட் கையில் இருந்தால் யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை.

ரயிலை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். மகன் காரை நம்பியிருந்தால் அவருடைய லீவை நம்பியிருக்க வேண்டும். இடிஎஸ் மின்ரயில் 2015இலிருந்து பட்டர்வொர்த் வரை ஓடுகிறது. கேஎல் சென்ட்ரலில் ஏறினால் ஈப்போ, தைப்பிங், புக்கிட் மெர்தாஜாம் தாண்டி நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கழிப்பறை வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இனிப்புநீர் உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை, நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டியவர்களைக் கேளுங்கள். முதியவர்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு, மைகாட் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். பள்ளி விடுமுறையிலும் பெருநாளிலும் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால்தான் வார நாளாகச் சொன்னேன். பட்டர்வொர்த்தில் இறங்கினால் தீவுக்குப் போகும் ஃபெரி படகுத்துறை நடக்கும் தூரம். பெட்டி கனமாக இருந்தால் பேரனை ஒரு கிராப் வாடகைக் கார் போடச் சொல்லுங்கள், பாலம் வழியாக வீட்டு வாசலுக்கே போய்விடலாம்.

‘தனியா இருக்கும்போது விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க?’ என்று பெரியவர் கேட்பார். இதற்குக் கோபப்படாதீர்கள், நியாயமான பயம். நம் வீட்டுக் குளியலறைகளில் தரை எந்நேரமும் ஈரம். ‘எனக்கு ஒண்ணும் ஆகாது’ என்ற பதில் யாரையும் சமாதானப்படுத்தாது. அவரையே ஒரு வார இறுதியில் வரச்சொல்லி, குளியலறையில் இரண்டு கைப்பிடிக் கம்பியும் வழுக்காத ரப்பர் விரிப்பும் போடச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு. ஒரு சாவி கீழ்வீட்டில். காலையில் பசியாறியதும் நீங்களே மகளுக்கு ஒரு அழைப்பு. இவ்வளவும் செய்தபின் அவருக்கு மறுத்துப் பேசக் காரணம் இருக்காது. உங்களுக்கும் இது நல்லதுதானே.

மருந்துக்குக் காசு கொடுத்தது வீண் செலவு அம்மா. அரசாங்க கிளினிக்கில் தொடர் மருந்துச் சீட்டு இருந்தால், மீதி மாதங்களுக்கான மருந்தை வேறு ஊர் அரசாங்க கிளினிக்கில் வாங்கிக்கொள்ளலாம். மருந்து கவுண்டரில் ‘எஸ்பியூபி’ என்று சொன்னால் புரியும். புறப்படும் முன்பே, எந்த கிளினிக் என்று சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள்.

மருமகள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது அவர் சமையற்கட்டு. ஐம்பது பேர் வரப்போகிற நாளில் உப்பு டப்பாவை யாராவது இடம் மாற்றி வைத்தால் எனக்கும் எரிச்சல் வரும். ‘உக்காருங்கம்மா’ என்பது பாதி மரியாதை, பாதி பதற்றம். விருந்துக்கு முதல் நாளே கேளுங்கள், ‘நெய் உருண்டை நான் பிடிக்கிறேன், மாவு மட்டும் அரைச்சு வைம்மா’ என்று. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தே செய்யலாம், அடுப்புப் பக்கம் போக வேண்டாம். பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்கார்வார்கள், ஒன்று பிடித்தால் இரண்டு வாய்க்குள் போகும். காலில் விழுந்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளை நிறுத்திவைக்க எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

இன்னொன்று. எல்லா விசேஷத்துக்கும் நீங்களே ஏன் போக வேண்டும்? தைப்பூசத்துக்கு அவர்கள் வரட்டும். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பத்துமலையின் 272 படி பக்கத்திலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோவில் வீட்டிலிருந்து ரதம் புறப்பட்டு, வழியெல்லாம் தேங்காய் உடைபட, தண்ணீர்மலை வந்து சேர்வதை அங்கே பார்க்க முடியுமா? மலைக்கோயிலுக்கு 513 படி, அதை இளசுகள் ஏறட்டும். நீங்கள் கீழே தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக் குடியுங்கள். தைப்பூச நேரத்தில் பினாங்கில் ஹோட்டல் அறை கிடைப்பது பெரும்பாடு. உங்கள் வீட்டில் பாய் விரித்துப் படுப்பார்கள், நெரிசலாகத்தான் இருக்கும், இருக்கட்டும். அன்று சமையற்கட்டு உங்களுடையது. இப்போதே எல்லாருக்கும் சொல்லி வையுங்கள், லீவு எடுக்க வேண்டும் அல்லவா.

தமிழ்நாட்டுப் பயணம்தான் உடனே கவனிக்க வேண்டியது. ஐந்து நாளில் ஒன்பது கோயில் என்றால் பாதி நேரம் வேனில், மீதி நேரம் செருப்பைத் தேடுவதில் போய்விடும். உங்கள் வயதுக்கு அது யாத்திரை ஆகாது, தண்டனை. மகனுக்கு அப்பா ஊர் ஆசை தெரியுமா? கடிதத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி தெரியவில்லை. அம்மா என்றால் கோயில் என்று அவரே முடிவு செய்திருப்பார்.

ராஜுலா 1926இலிருந்து 1970களின் தொடக்கம் வரை ஓடிய கப்பல். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு வர உங்கள் அப்பாவுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகியிருக்கும். இன்று கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானத்தில் நான்கு மணி நேரம், அங்கிருந்து துறையூர் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள். 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்தே சென்னைக்கு நேரடி விமானம் தொடங்கினார்கள், ஆனால் உங்களுக்குத் திருச்சிதான் பக்கம். ஸ்ரீரங்கமும் சமயபுரமும் அங்கேயே இருக்கின்றன, கோயில் ஆசைக்கு அவை போதும். துறையூருக்கு ஒரு முழு நாள் கேளுங்கள், இரண்டு நாள் கிடைத்தால் இன்னும் நல்லது. விமான டிக்கெட் எடுப்பதற்குள் இந்த வாரமே பேசுங்கள், எடுத்தபின் பட்டியலை மாற்றுவது கடினம்.

பேசும் முன் வீட்டைக் கொஞ்சம் கிளறுங்கள். ஊரிலிருந்து வந்த பழைய கடிதங்கள், அப்பாவின் சிவப்பு ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம், கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கடித உறையில் அனுப்பியவர் பேரும் தபால் முத்திரையும் இருக்கும், ஊரைக் கண்டுபிடிக்க முதலில் உதவுவது அதுதான். தெரிந்த உறவுப் பேர்கள், குலதெய்வத்தின் பேர், அப்பா சொன்ன தெருவோ குளமோ, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். 21 வயதுப் பேத்தி இருக்கிறாளே, தாளைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புங்கள். வரைபடத்தில் தேடுவதெல்லாம் அவளுக்குப் பத்து நிமிட வேலை. முடிந்தால் பயணத்துக்கும் அவளையே துணைக்குக் கேளுங்கள்.